படம் திக்கினால் உடனே சர்வரை மாற்றாதீர்கள்

வீட்டு நெட்வொர்க் வேலைக்குப் போகிற இடங்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "ப்ளெக்ஸ் நல்லதா, ஜெல்லிஃபின் நல்லதா?" இரண்டுமே வீட்டுக் கணினியில் வைத்திருக்கும் படங்களை டிவி, ஃபோன் போன்றவற்றுக்கு அனுப்பும் சர்வர் மென்பொருள்கள். கேட்பவர் பெரும்பாலும் எரிச்சலில் இருப்பார். படம் நின்று நின்று ஓடும். மென்பொருளை மாற்றினால் தீர்ந்துவிடும் என்று நினைப்பார். ஆனால் அதே கோப்பு, அதே டிவி, அதே வைஃபை என்றால் புது மென்பொருளிலும் பெரும்பாலும் அதே கதைதான்.

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சர்வரின் டாஷ்போர்டைத் திறந்து பாருங்கள். கோப்பு உள்ளது உள்ளபடி போனால் 'டைரக்ட் ப்ளே' என்று காட்டும். 'டிரான்ஸ்கோட்' என்று இருந்தால், டிவியால் இயக்க முடியாத ஏதோ ஒன்றை சர்வர் ஓட ஓட மாற்றி அனுப்புகிறது என்று பொருள். 4கே வீடியோவை மாற்றச் சொன்னால் பழைய பிராசசருக்கு மூச்சு முட்டிவிடும். என்ன காரணத்தால் மாற்றுகிறது என்பதையும் ஜெல்லிஃபின் சொல்லிவிடும். அந்த ஒரு வரியைப் படித்தாலே பாதி வேலை முடிந்தது.

பலர் சந்தேகப்படாத குற்றவாளி சப்டைட்டில். ஒரு வீட்டில் சில படங்கள் மட்டும் திக்கின, மற்றவை சரளமாக ஓடின. திக்கியவை எல்லாமே ப்ளூரேயிலிருந்து எடுத்தவை; அவற்றின் சப்டைட்டில் எழுத்தாக இல்லாமல் படமாக இருக்கும், பிஜிஎஸ் என்பார்கள். டிவியின் ஆப்புக்கு அதைக் காட்டத் தெரியாததால், சர்வர் அதை ஒவ்வொரு ஃபிரேமிலும் பதித்து முழு வீடியோவையும் புதிதாக உருவாக்கிக்கொண்டிருந்தது. சப்டைட்டிலை நிறுத்தியதும் படம் தடையில்லாமல் ஓடியது. அப்புறம் எழுத்தாகவே இருக்கும் எஸ்ஆர்டி சப்டைட்டில் கோப்பை வைத்தோம், பிரச்சினை தீர்ந்தது. சர்வரில் கை வைக்கவே இல்லை.

அடுத்தது கேபிள். "லேன் கேபிளே போட்டிருக்கிறேனே" என்பார்கள். பல டிவிகளில் லேன் போர்ட்டின் வேகம் 100 மெகாபிட்தான். 4கே ப்ளூரேயிலிருந்து சுருக்காமல் எடுத்த கோப்பு சில காட்சிகளில் அதைத் தாண்டிவிடும். அப்படிப்பட்ட டிவிக்கு, ரவுட்டர் பக்கத்தில் இருந்தால், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையே மேல்.

இதையெல்லாம் பார்த்த பிறகு மென்பொருள் தேர்வுக்கு வாருங்கள். ஒரே டிவி, அதனுடன் இணைத்த பெட்டியில் ஒரு ஹார்டு டிஸ்க், அவ்வளவுதான் என்றால் சர்வரே வேண்டாம், அந்தப் பெட்டியிலேயே படத்தை ஓட்டும் கோடி (Kodi) என்ற மென்பொருள் போதும். பல அறைகள், பல கருவிகள் என்றால் ப்ளெக்ஸின் ஆப் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் கிடைக்கும். ஆனால் அதன் நிறுவனத்தில் கணக்குத் தொடங்க வேண்டும். 2025 ஏப்ரல் இறுதியிலிருந்து வெளியூரிலிருந்து நம் சொந்த வீடியோவைப் பார்க்கவும் கட்டணம் வந்துவிட்டது. எம்பி (Emby) என்ற இன்னொரு சர்வர் மென்பொருள் தன் மூல நிரலை மூடியபோது, 2018 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்து வந்தது ஜெல்லிஃபின். கட்டணம் கிடையாது, கணக்கும் நம் வீட்டு சர்வரிலேயே. கிராஃபிக்ஸ் சிப்பைக் கொண்டு டிரான்ஸ்கோட் செய்யும் வசதிக்கு ப்ளெக்ஸும் எம்பியும் பணம் கேட்கும், இது கேட்காது. கொஞ்சம் நோண்டிப் பார்க்கத் தயாராக இருப்பவருக்கு நான் சொல்வது ஜெல்லிஃபின்தான்.

எதைப் போட்டாலும், என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது வேறு. வெளியிலிருந்து பார்க்க ஆசைப்பட்டு ரவுட்டரில் போர்ட்டை, அதாவது இணையத்திலிருந்து உள்ளே வரும் வழியை, திறந்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் 2022-இல் நடந்த பெரிய தகவல் திருட்டில், ஊழியர் ஒருவரின் வீட்டுக் கணினிக்குள் நுழையத் திருடர்களுக்கு வழி கொடுத்தது புதுப்பிக்கப்படாத ப்ளெக்ஸ். அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் 2020 மே மாதமே வந்துவிட்டது. கடவுச்சொற்களைக் காக்கும் நிறுவனத்தின் ஊழியர் வீட்டிலேயே இந்த நிலை என்றால், நம் வீட்டில் இன்னும் கவனம் வேண்டாமா?

ஜெல்லிஃபினின் 8096 போர்ட்டை நேரடியாக இணையத்துக்குத் திறக்காதீர்கள். வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குப் பாதுகாப்பான தனி வழி தரும் வயர்கார்டோ டெயில்ஸ்கேலோ போட்டு அதன் வழியாக வீட்டுக்குள் வாருங்கள். ப்ளெக்ஸ் கணக்கு என்றால் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள். அதன் பயனர் விவரங்கள் 2022-இலும் 2025-இலும் கசிந்திருக்கின்றன, வேறெங்கும் பயன்படுத்தும் கடவுச்சொல்லை அங்கே வைக்க வேண்டாம். ரவுட்டரில், கருவிகள் தாமாகவே போர்ட்டைத் திறந்துகொள்ள விடும் யுபிஎன்பி வசதி இயங்குகிறதா என்று இன்றைக்கே பார்த்து, தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள்.