மருத்துவர் கிறீனும் சொற்களின் உடற்கூறும்

மானிப்பாயிலுள்ள கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை, அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், தாயகம் சென்றிருந்த சில ஆண்டுகள் நீங்கலாக, 1873 வரை இங்கே வைத்தியம் பார்த்தார். 60க்கும் மேற்பட்ட மாணவரை மருத்துவராக்கினார். 1860களில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். அதற்கு முதலில் வேண்டியிருந்தவை சொற்கள்.

கலைச்சொல் ஒன்று பொருள் முழுவதையும் சொல்வதில்லை. அதன் ஒரு பக்கத்தைக் காட்டி, எஞ்சியதைக் கற்பவரின் மனத்தில் எழுப்புகிறது. 1867இல் வெளிவந்த அவருடைய நூலின் பெயர் ‘இரண வைத்தியம்’. இரணம் என்றால் புண். அதே துறையை நாம் இன்று சத்திரசிகிச்சை என்கிறோம். சத்திரம் என்பது வைத்தியரின் கையிலுள்ள கத்தி. தமிழகத்தார் அறுவைச் சிகிச்சை என்கிறார்கள். அது செயலின் பெயர். தொழில் ஒன்றேயாயினும் ஒரு சொல் கருவியையும், ஒரு சொல் செயலையும், கிறீனின் சொல் நோயாளியின் உடலையும் பார்க்கின்றன. மூன்றனுள் எனக்கு மிகவும் உவப்பானது அவருடையதே.

உடற்கூற்றுக்கு அவர் கொண்ட ‘அங்காதிபாதம்’ என்ற பெயர், தலைமுடி முதல் பாதம் வரை வருணிக்கும் கேசாதிபாதம் பாடிய புலவர் மரபுக்கு அந்நியமானதன்று.

இரசாயனத்தில் வழி வேறு. 1875இல் வந்த நூலுக்குப் பெயர் ‘கெமிஸ்தம்’. ஆங்கில ஒலியை எடுத்து, இறுதியில் ‘அம்’ சேர்த்ததும் அச்சொல் ‘மரம்’ என்பதைப் போல வேற்றுமை ஏற்கிறது: கெமிஸ்தத்தை, கெமிஸ்தத்தில். ‘ஸ்’ மட்டும் வடவெழுத்தாகவே நின்றுவிட்டது.

ஒலியைத் தமிழுக்கு முழுதும் இசைவிக்கும் முறையை, பின்னாளில் இலங்கைப் பாடப்புத்தகங்களில் ஆக்சிஜனுக்கு வழங்கிய ‘ஒட்சிசன்’ தெளிவாகக் காட்டுகிறது. தமிழ் இலக்கணப்படி ககர மெய்யை அடுத்துச் சகரம் வராது. டகர மெய்யை அடுத்து வரும். ஆட்சி, காட்சி, மாட்சி என்ற சொற்களில் நாம் நாள்தோறும் ஒலிப்பது அந்தச் சேர்க்கையைத்தான். ஆகவேதான் ‘ஆக்சிஜன்’ என்று சொல்லத் தயங்கும் எங்கள் ஊர்க் கிழவியின் நாவிலும் ‘ஒட்சிசன்’ தடுக்காமல் வருகிறது.