வெள்ளாட்டுக்கறியில் கொழுப்பு இல்லையாம்!

போன திங்கட்கிழமை மட்டும் மூன்று பேர். மூவருக்கும் கெட்ட கொழுப்பு கூடியிருக்கிறது. மூவரும் சொன்னது ஒன்றுதான்: "கோழி பக்கமே போறதில்லம்மா, வெள்ளாட்டுக்கறி மட்டும்தான்." மதுரையில் உணவு ஆலோசகராக இருந்தால் திங்கட்கிழமை முழுக்க ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியே பேச வேண்டியிருக்கும்.

வெள்ளாட்டுக்கறியில் கொழுப்பு குறைவு என்று வாட்ஸ்அப்பில் அவர்கள் படித்தது பொய்யில்லை. அமெரிக்க வேளாண்துறை அட்டவணைப்படி, வெந்த வெள்ளாட்டுக்கறி 85 கிராமில் கொழுப்பு 2.6 கிராம்தான். அதே அளவு செம்மறியில் 8 கிராமைத் தாண்டும். இரும்புச்சத்தும் நன்றாகவே இருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் அந்தக் கணக்கு கொழுப்பு நீக்கிய தனிக்கறிக்கு.

உசிலம்பட்டிப் பக்கத்து அண்ணன் ஒருவரிடம் ஞாயிறு என்ன சாப்பிட்டீர்கள் என்றேன். "கறிதாம்மா." காலையில் இட்லிக்குக் குடல் குழம்பு, மதியம் நல்லி எலும்பும் மூளை வறுவலும், ராத்திரி பரோட்டாவுக்கு மிச்சக் குழம்பு. "இதுல கறி எங்கண்ணே?" என்றேன். சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை.

வெள்ளாடு தன் கொழுப்பைச் சதைக்குள் அதிகம் வைத்துக்கொள்வதில்லை. வயிற்றுக்குள், குடலையும் சிறுநீரகத்தையும் சுற்றிச் சேர்த்து வைக்கிறது. கடையில் வலை மாதிரி வெள்ளையாகத் தொங்குமே, அதுதான். தொடைக்கறி மெலிவாக இருக்கக் காரணம் எதுவோ, குடல் குழம்பில் எண்ணெய் மிதக்கக் காரணமும் அதுவே. மூளை வேறு ரகம்: 100 கிராமில் கொலஸ்ட்ரால் 1000 மில்லிகிராமைத் தாண்டும். தனிக்கறியில் சுமார் 75தான். 'ஆடு' என்று ஒரே பெயர் சொன்னால் எல்லாம் ஒன்றாகிவிடுமா?

கடைக்குப் போனால் "மட்டன்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். வெள்ளாடா, செம்மறியா என்று கேளுங்கள். தொடையில் தனிக்கறியாக வாங்குங்கள். "பாய், கொழுப்பு கொஞ்சம் சேர்த்துப் போடுங்க" என்ற வார்த்தையை தயவுசெய்து விட்டுவிடுங்கள். கொழுப்பு குறைந்த கறி விறைப்பாகத்தான் இருக்கும். அதற்கு எண்ணெயை ஊற்றாதீர்கள், குக்கரில் இன்னும் இரண்டு விசில் விடுங்கள். குழம்பு ஆறியதும் மேலே படிவதை வழித்துக் கொட்டுங்கள். உப்புக்கண்டம் ரத்த அழுத்தக்காரர்களுக்கு வேண்டவே வேண்டாம். யூரிக் அமிலம் கூடியவர்கள் ஈரலையும் சுவரொட்டியையும் (மண்ணீரல்) மறந்துவிடுங்கள்.

அளவு, ஒரு வேளைக்கு உள்ளங்கை அகலம். விரல்கள் சேராது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த அளவும் பொருந்தாது. உங்கள் மருத்துவரிடம் எத்தனை துண்டு என்று கேட்டுக்கொண்டு அப்புறம் அடுப்பைப் பற்றவையுங்கள்.