பத்தாண்டுக்கு ஓர் இரவு

இங்கிலாந்தின் லங்காஷயர் பருத்தி ஆலைகளில் நெசவு வேலை பார்த்த ஒரு குடும்பத்தைத் தேடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சொத்துப் பத்திரம், நாட்குறிப்பு எல்லாம் அநேகமாக இருக்காது. ஆனால் பத்தாண்டுக்கு ஒருமுறை, குறித்த ஓர் இரவில் அந்த வீட்டில் யார் யார் தங்கினார்கள் என்பதை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எழுதி வைத்திருக்கிறது.

1911இல் தொடங்கிப் பின்னோக்கிப் போவது வசதி. வீட்டுக்காரர் நிரப்பிய படிவங்கள் அந்த ஆண்டிலிருந்துதான் மிஞ்சியிருக்கின்றன. அதற்கு முந்தையவை, கணக்கெடுப்பாளர் தன் ஏட்டில் எழுதிக்கொண்ட நகல்கள். எழுதத் தெரியாத வீடுகளில் காதில் விழுந்ததுதான் பெயர். அதனால் பெயரைவிடப் பிறந்த ஊரையும் பிள்ளைகளின் வரிசையையும் பிடித்துக்கொண்டு போவது நல்லது.

வயதை மட்டும் நம்பாதீர்கள். பத்தாண்டில் ஏழு வயதே கூடிய பெண்களைச் சாதாரணமாகப் பார்க்கலாம்! 1841 இன்னும் மோசம்: 15 வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். யார் யாருக்கு என்ன உறவு என்பதும் 1851இல்தான் வருகிறது.

1911இல் மணமான பெண்களிடம் ஒரு புதுக் கேள்வி: உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இருப்பவர்கள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை? ஒன்பது, ஐந்து, நான்கு என்று பதில் இருக்கிறது என்போம். பழைய ஏடுகளில் ஐந்து பேர்தான் தென்படுவார்கள். 1892இல் பிறந்து 1894இல் இறந்த குழந்தை எந்தக் கணக்கெடுப்பு இரவிலும் உயிரோடு இல்லையே. இரண்டிரண்டு ஆண்டாகப் பிறந்த பிள்ளைகளுக்கு நடுவே திடீரென ஐந்தாண்டு இடைவெளி விழுந்தால், அங்கேதான் தேட வேண்டும். பிறப்புப் பதிவு அட்டவணையைத் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரை வைத்துத் துழாவலாம். குழந்தை அங்கே அகப்படும். இறப்பு அட்டவணையில் முடிவும் தெரியும்.

விதவைகள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. இருந்தும் பலர் எழுதிவிட்டார்கள். அதிகாரிகள் கோடு போட்டு அடித்தார்கள். அடித்ததற்குக் கீழே எண்கள் தெரிகின்றன. என்னைக் கேட்டால், அந்தப் படிவங்களில் முதலில் பார்க்க வேண்டியதே அவைதான்.

1921 படிவத்தில் முதலாளியின் பெயரும் உண்டு. எந்த ஆலை என்றே தெரிந்துவிடும். அப்புறம் பெரிய ஓட்டை. 1931 ஏடுகள் 1942இல் தீயில் எரிந்தன. 1941இல் போரால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. நடுவில் கைகொடுப்பது 1939 செப்டம்பரில் அடையாள அட்டைக்காக எடுத்த பதிவேடு. அதில் வயதுக்குப் பதில் பிறந்த தேதியே இருக்கிறது.