கங்குக்குப் பின்னால் ஒரு மெல்லிய வளையம்: ஜப்பானிய ஊதுபத்தி மணப்பது எப்படி?

ஊதுபத்தியின் நுனியில் கனலும் கங்கு மணத்தின் எதிரி. பல நூறு டிகிரி வெப்பத்தில் சந்தனத்தின் மணப்பொருள் சிதைந்து, பெரும்பாலும் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் போய்விடும். மூக்குக்கு வந்து சேரும் நல்ல மணம், கங்குக்குச் சற்றே பின்னால், இன்னும் தீப்பற்றாமல் சூடேறிக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிய வளையத்தில் பிறக்கிறது. அங்கே வெப்பம் மணப்பொருளை ஆவியாக்கி வெளியே தள்ளும் அளவுக்கு இருக்கிறது, எரித்துவிடும் அளவுக்கு இல்லை. வெளியேறிய ஆவி காற்று பட்டுக் குளிர்ந்து நுண்ணிய துளிகளாகத் திரள்கிறது. நாம் பார்க்கும் புகையில் பெரும்பகுதி இந்தத் துளிகள்தான். கங்கு நகர நகர வளையமும் நகர்கிறது. ஆக, எரியும் ஊதுபத்தி என்பது நகர்ந்துகொண்டே எண்ணெய் காய்ச்சி வடிக்கும் ஒரு சின்ன வாலைக்கலம்.

ஜப்பானில் வீட்டுக்கு வீடு தினமும் கொளுத்தும் சாதாரண ஊதுபத்திகளை இந்தக் கண்ணோடு பார்த்தால், அவற்றின் அமைப்பு முழுவதும் அந்த வளையத்தைக் காப்பாற்றுவதற்காகவே செய்யப்பட்டது போலத் தோன்றும். முதலில் கண்ணில் படுவது, உள்ளே மூங்கில் குச்சி இல்லை என்பது. நம்மூர் ஊதுபத்தியில் மசாலா எரியும்போது மூங்கிலும் கூடவே எரிந்து தன் புகையைக் கலக்கும். ஜப்பானியப் பத்தி முழுக்க முழுக்க மாவுதான். சேமியா போல மெலிதாக இருப்பதால் வெப்பம் குறுக்குவாட்டில் சீராகப் பரவுகிறது. ஏறக்குறைய 14 சென்டிமீட்டர் நீளமுள்ள பத்தி, ஒரே வேகத்தில் சுமார் அரை மணி நேரம் எரிகிறது.

குச்சி இல்லாமல் அது எப்படி நிற்கிறது? டாபு என்ற மரத்தின் பட்டைப்பொடியால். அந்தப் பட்டையில் வழவழப்பான பசைப்பொருள் உண்டு. தண்ணீர் விட்டுப் பிசைந்தால் மாவைப் பிடித்துக்கொள்ளும், காய்ந்தால் இறுகும், நெருப்பு வைத்தால் சுடர் விடாமல் கனன்றுகொண்டே போகும். தனக்கென்று பெரிதாக வாசனை இல்லாதது அதன் இன்னொரு சிறப்பு. நம் ஊதுபத்தித் தொழிலில் இதே வேலையைச் செய்வது ஜிகட் பொடி. டாபு மரமும், ஜிகட் தரும் மரமும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இலவங்கப்பட்டையும் கற்பூர மரமும்கூட அதே குடும்பம்தான்.

ஜப்பானின் ஊதுபத்தியில் ஏறத்தாழ 70 சதவீதம் ஹியோகோ மாகாணத்தைச் சேர்ந்த அவாஜி தீவிலிருந்து வருகிறது. அதன் மேற்குக் கரையில் உள்ள எயி என்ற துறைமுக ஊரில் 1850ஆம் ஆண்டு இந்தத் தொழில் தொடங்கியது. குளிர்காலத்தில் மேலைக்காற்று பலமாக வீசினால் படகு இறக்க முடியாது. அந்த மாதங்களில் கைக்கு வேலை தேவைப்பட்டது. அதே காற்று பத்தியை உலர்த்தவும் உதவியது. பிசைந்த மாவை அச்சில் அழுத்தி இழையாக்கி, பலகையில் பரப்பி, வெட்டி, வெயில் படாமல் காற்றில் உலர்த்துவார்கள். உலர்த்தும் கூடங்களின் சன்னல்களில் மரச்சட்டங்களைத் திருப்பி, உள்ளே வரும் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். வேகமாக உலர்ந்தால் பத்தி வளையும், விரிசல் விடும். விரிசல் விழுந்த இடத்தில் கங்கு தாறுமாறாக ஓடும். அதனால் உலர்த்துவதில் காட்டும் பொறுமையும் மணத்தின் ஒரு பகுதிதான் என்பேன்.

இனி மணத்துக்கு வருவோம். அன்றாடப் பத்திகளின் முதுகெலும்பு சந்தனம். நிப்பான் கோடோ நிறுவனத்தின் மைனிச்சிகோ, ஜப்பானில் பல தலைமுறைகளாக விற்கும் பச்சைப் பெட்டிப் பத்தி. அதை முகர்ந்தவுடன் தமிழருக்கு அந்நியம் என்று தோன்றாது, ஏனென்றால் அதன் அடித்தளம் சந்தனம். ஜப்பானியர் உயர்வாக மதிப்பதும் இந்தியச் சந்தனத்தைத்தான், அதிலும் மைசூர்ப் பக்கத்து முதிர்ந்த மரத்தின் வைரத்தை, அதாவது உள்கட்டையை. மணம் தருபவை சாண்டலால் என்ற மூலக்கூறுகள். ஆல்பா, பீட்டா என்று இரண்டு வகை முக்கியம். எண்ணெயில் ஆல்பாவே அதிகம், ஆனால் சந்தனத்துக்கே உரிய அந்தப் பால் மணத்தில் பீட்டாவின் பங்கு பெரிது. இவை 15 கார்பன் அணுக்கள் கொண்ட கனமான மூலக்கூறுகள். கொதிநிலை 300 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கிறது. ஆகவே மெதுவாக ஆவியாகும், ஆவியானதும் சுவரிலும் திரைச்சீலையிலும் படிந்து, மெல்ல மெல்ல மீண்டும் காற்றுக்கு வரும். பத்தி அணைந்து வெகுநேரம் கழித்தும் அறையில் மிஞ்சுவது பெரும்பாலும் இதுதான்.

எவ்வளவு எளிதில் ஆவியாகிறது என்பதுதான் மற்ற சரக்குகளின் குணத்தையும் தீர்மானிக்கிறது. ஜப்பானியர் பத்தியில் சேர்க்கும் போர்னியால், கற்பூரத்தின் நெருங்கிய வேதி உறவு. 10 கார்பன் அணுக்களே கொண்டது. பெட்டியைத் திறந்ததும் மூக்கில் குளிர்ச்சியாக ஏறுவது அதுவாக இருக்கலாம். எரியத் தொடங்கினால் முதலில் பறந்துவிடுவதும் அதுவே. கிராம்பின் யூஜினாலும் பட்டையின் சின்னமால்டிஹைடும் ஆவியாகும் வேகத்தில் இடையில் நிற்கின்றன. சாம்பிராணி, சடாமாஞ்சில், அன்னாசிப்பூ, பச்சோலி எல்லாம் வெவ்வேறு அளவில் வரும். சக்காய் நகரத்தில் 1657இல் தொடங்கிய பைஎய்தோ என்ற பழைய நிறுவனத்தின் கோபுன்போகு, இத்தகைய கலவைக்கு நல்ல எடுத்துக்காட்டு. சந்தனத்தின் மேல் மசாலாவும் மூலிகையும் ஏற்றப்பட்ட பத்தி. மைனிச்சிகோ ஒரே குரலில் பேசுகிறது என்றால், இது எரியும்போது ஒரு முகமும் எரிந்த பிறகு இன்னொரு முகமும் காட்டுகிறது. என் விருப்பம் இரண்டாவதுதான், விலை சற்றுக் கூடினாலும்.

கலவையில் ஒரு விநோதச் சரக்கும் உண்டு. கடல்நத்தை தன் ஓட்டின் வாயை அடைத்துக்கொள்ளும் மூடித் தகட்டைப் பொடித்துச் சேர்ப்பார்கள். தனியாகச் சுட்டால் முகம் சுளிக்க வைக்கும் வாடை. கொஞ்சமாகச் சேர்த்தால் மற்ற மணங்கள் நீண்டு நிற்கும் என்பது இந்தத் தொழில்காரர்களின் நெடுநாள் அனுபவம்.

அகில் வேறு கதை. அகில் மரம் நலமாக இருக்கும்வரை அதன் கட்டையில் மணம் இல்லை. காயம் பட்டு, பூஞ்சை நுழைந்தால், மரம் தன்னைக் காத்துக்கொள்ளப் பிசின் சுரக்கிறது. அந்தப் பிசின் ஊறிய பகுதியே அகில். அதில் உள்ள குரோமோன் வகைப் பொருட்கள் சாதாரண வெப்பநிலையில் அநேகமாக மணப்பதே இல்லை. சூடேறும்போது அவை உடைந்து, பென்சால்டிஹைடு போன்ற இனிய மணமுள்ள சிறு மூலக்கூறுகளாகின்றன. நல்ல அகில் துண்டு கையில் இருக்கும்போது வெறும் மரமாகத் தெரிந்து, சூடு பட்டதும் வேறொன்றாகிவிடுவதற்கு இதுவே காரணம். நிஹோன் ஷோகி என்ற பழைய வரலாற்று நூலில் 595ஆம் ஆண்டுச் செய்தி ஒன்று இருக்கிறது: அவாஜி தீவில் ஒரு பெரிய கட்டை கரையொதுங்கியது, தீவுக்காரர்கள் விறகென்று அடுப்பில் வைத்தார்கள், புகை வெகுதூரம் மணந்தது, வியந்துபோய் அரசவைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அடுப்பில் வைக்கும்வரை யாருக்கும் தெரியவில்லை என்ற விவரம் வேதியியலோடு அழகாகப் பொருந்துகிறது.

எல்லா அகில் இனங்களின் பன்னாட்டு வணிகமும் 2005 முதல் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது. விலை குறைந்த அன்றாடப் பத்தியில் உண்மையான அகில் சொற்பமாகவே இருக்க முடியும். பெட்டியில் அகில் என்று எழுதியிருந்தாலும், பெரும்பாலும் அதை நினைவூட்டும் கலவை மணம் என்று எடுத்துக்கொள்வதே நியாயம்.

புகை குறைந்த பத்திகள் இன்று நிறைய வருகின்றன. அவற்றில் மரப்பொடிக்குப் பதிலாகப் பெரும்பகுதி கரிப்பொடி. கரி ஏற்கெனவே தன் தாரையும் புகையையும் இழந்துவிட்ட பொருள், ஆகவே மறுபடி எரியும்போது புகைக்க அதிகம் மிச்சமில்லை. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் கருகி வரும் அந்தப் புகைவாடையும் போய்விடும். தெளிவான மணம் கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் சந்தனப் பத்திக்கு அந்த மரப்புகையின் லேசான கசப்பு ஒரு ஆழம் தருகிறது. கரிப்பத்தியில் அதைத் தேடினால் கிடைக்காது. இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது கல்லறைகளில் கொளுத்தும் சுகிப் பத்தி. சுகி என்ற ஜப்பானிய ஊசியிலை மரத்தின் இலையை இடித்துப் பொடியாக்கிச் செய்தது, புகை தாராளம். புகுவோகா மாகாணத்தின் யாமேயில் இன்றும் தண்ணீர்ச் சக்கரத்தால் அந்த இலையை இடிக்கிறார்கள்.

இரண்டு பத்திகளை ஒப்பிட வேண்டுமென்றால் அடுத்தடுத்துக் கொளுத்துவது வீண். ஒரே மணத்தில் சில நிமிடங்கள் இருந்தாலே மூக்கு அதைக் கவனிப்பதை விட்டுவிடும், முதல் பத்தியின் ஆவியும் அறையை விட்டுப் போயிருக்காது. ஒரு நாளைக்கு ஒன்று போதும். கொளுத்தாமல் ஒருமுறை முகருங்கள். எரியும்போது புகைக்குப் பக்கத்தில் குனியாமல் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி உட்காருங்கள். அணைந்ததும் வெளியே போய்விட்டு ஒரு மணி நேரம் கழித்து அதே அறைக்குள் வாருங்கள். மூன்றும் மூன்று மணமாக இருக்கும். கலவை செய்தவர் எதற்காக அதிகம் மெனக்கெட்டார் என்பது மூன்றாவதில்தான் தெரியும்.

அறைச் சன்னல் மட்டும் கொஞ்சம் திறந்திருக்கட்டும். எவ்வளவு உயர்ந்த சரக்கானாலும் எரியும்போது நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் ஃபார்மால்டிஹைடும் வெளிவரும். ஆஸ்துமா உள்ளவர்கள், கைக்குழந்தைகள் இருக்கும் வீட்டில், அகில் துண்டையோ சந்தனச் சீவலையோ சாம்பலுக்குள் புதைத்த கரிக்கு மேல் மைக்காத் தகடு வைத்து வாட்டும் முறை மேல். மின்சாரத்தில் சூடேறும் சின்னக் கிண்ணங்களும் அதையே செய்கின்றன. மணப்பொருள் எரியாமல் ஆவி மட்டும் எழும். மின்கிண்ணமானால் கரியின் வாயுவும் இல்லை.