ஃபோர்க்லிஃப்ட் சாவியைத் திருப்பும் முன்: அமெரிக்க விதி கேட்பது என்ன?

சரக்கைத் தூக்கி நகர்த்தும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை எடுக்கும் முன் நிரப்பும் சோதனைத் தாள், அமெரிக்காவில் கிடங்கு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பழக்கமாகியிருக்கும். பிரேக், ஹாரன், டயர் என்று வரிசையாகக் கட்டங்கள். நின்ற நிலையிலேயே எல்லாவற்றிலும் டிக் போட்டுவிட்டு வண்டியை எடுப்பவர்களும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், மத்திய அரசின் விதி அந்தத் தாளைக் கேட்கவே இல்லை.

தொழிலிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஓஷா அமைப்பின் 1910.178 என்ற விதியில், கியூ-7 என்ற உட்பிரிவு ஒரு சின்னப் பத்திதான். வண்டியை வேலைக்கு எடுக்கும் முன் சோதிக்க வேண்டும், குறைந்தது நாளுக்கு ஒரு முறை. இரவு பகலாக ஓடும் வண்டி என்றால் ஒவ்வொரு ஷிஃப்டுக்குப் பிறகும். பாதுகாப்பைப் பாதிக்கும் குறை தெரிந்தால் ஓட்டக் கூடாது. உடனே தெரிவித்துச் சரிசெய்ய வேண்டும். எழுதி வைக்கச் சொல்லும் வரி அதில் இல்லை. ஆனாலும் எழுதுவது நல்ல பழக்கம், சோதித்ததற்கு வேறு சாட்சி இருக்காதே! அதே தாளில் ‘பிரேக் சரியில்லை’ என்று எழுதிவிட்டு வண்டியை ஓடவிட்டால், அது நிறுவனத்துக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

சோதனை இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் சாவி போடாமல்: டயர், சரக்கைத் தாங்கும் முன்கரங்களான ஃபோர்க்கில் விரிசல், சீட் பெல்ட், எண்ணெய் அளவு, தரையில் சொட்டு, தூக்கும் எடையைக் காட்டும் தகடு படிக்கும்படி இருக்கிறதா என்பது. ஃபோர்க் ஏறி இறங்கும் நிமிர்ந்த சட்டமான மாஸ்டில், சங்கிலியின் இறுக்கத்தைப் பார்க்க உள்ளே கையை விடாதீர்கள், ஒரு கம்பியால் தள்ளிப் பாருங்கள். ஹைட்ராலிக் குழாயில் கசிவு இருக்குமோ என்று தடவிப் பார்ப்பதும் ஆபத்து. அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கைக்குப் பதில் ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பார்த்தால் போதும். கேஸ் வண்டியில் சிலிண்டர் இணைப்பில் பனி படிந்திருந்தால் கசிவு என்று சந்தேகப்படலாம். பேட்டரி வண்டியில் கேபிளையும் இணைப்பையும் பாருங்கள்.

அப்புறம் சாவி போட்டு பிரேக், கைபிரேக், ஸ்டீயரிங், ஹாரன், ஃபோர்க் ஏறி இறங்கி முன்பின் சாய்வது எல்லாம்.

சரி, இதை யார் செய்வது? பொறுப்பு முதலாளியுடையது. ஓட்டுநரைச் செய்யச் சொன்னால் அதற்கான பயிற்சியையும் முதலாளியே தர வேண்டும். குறை கண்ட வண்டியை நீங்களே ஸ்பேனர் எடுத்துத் திருக வேண்டியதில்லை. பழுது பார்ப்பது அதற்கென அனுமதி பெற்றவர்களின் வேலை. அதுவரை வண்டி நிற்க வேண்டும். “இன்னிக்கு மட்டும் ஓட்டுப்பா, நாளைக்குப் பாத்துக்கலாம்” என்று சூப்பர்வைசர் சொல்வதற்கு விதியில் இடமில்லை.

குறையைச் சொன்னதற்காக வேலையை விட்டு நீக்கினாலோ ஷிஃப்டைக் குறைத்தாலோ ஓஷாவிடம் முறையிடலாம். தொலைபேசி எண் 1-800-321-6742. கெடு 30 நாள்தான், அதுவும் பழிவாங்கல் நடந்த நாளிலிருந்து. நிறுவனத்தின் உள்விசாரணை முடியட்டும் என்று காத்திருந்தால் நாள் ஓடிவிடும். கலிஃபோர்னியா, வாஷிங்டன் போன்ற மாநிலங்கள் சொந்தப் பாதுகாப்பு அமைப்பு வைத்திருக்கின்றன. அங்கே வேலை பார்ப்பவர்கள் மாநில விதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அது மத்திய விதியைவிடக் கடுமையாக இருக்கலாம், தளர்வாக இருக்க முடியாது.