சாவி எடுத்த பின்னும் சுழலும் ஃபேன்: பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன்

ஒரே ஆண்டில் இரண்டு முறை பேட்டரி மாற்றப்பட்ட ஒரு சிறிய பெட்ரோல் கார், மறுபடியும் ஒரு காலையில் செல்ஃப் எடுக்காமல் நின்றுவிட, கோவையிலுள்ள எங்கள் பட்டறைக்கு இழுத்துவரப்பட்டது. "இப்ப வர்ற பேட்டரியில தரமே இல்லைங்க" என்ற முடிவோடுதான் உரிமையாளர் வந்திருந்தார். டெர்மினல்களில் மீட்டரை வைத்தபோது 7 வோல்ட் கூட இல்லை. கடிகாரம், அலாரம் போன்றவை எடுக்கும் சிறு மின்னோட்டத்தால் ஒரே இரவில் இந்த நிலைக்கு வர வாய்ப்பில்லை என்பதால், பெரிய சுமை ஏதோ ஒன்று இரவு முழுவதும் ஓடியிருக்கிறது என்று தெரிந்தது. சார்ஜ் உள்ள வேறொரு பேட்டரியை இணைத்தேன். சாவி அவருடைய சட்டைப்பையில் இருக்கும்போதே ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்தில் சுழலத் தொடங்கியது.

இந்தக் கோளாறு பலருக்குப் பிடிபடாமல் போவதற்குக் காரணம், அது தன் தடயத்தைத் தானே அழித்துவிடுவதுதான். இரவில் வண்டியை நிறுத்தியதும் கேட்கும் ஃபேன் சத்தத்தை, எஞ்சின் சூடாக இருக்கிறது என்று நினைத்து விட்டுவிடுகிறோம். பேட்டரி இறங்க இறங்க ஃபேன் மெதுவாகி, விடிவதற்குள் நின்றும்விடுகிறது. காலையில் பானெட்டைத் திறப்பவர் கண்ணில் படுவது தீர்ந்துபோன பேட்டரி மட்டுமே. சிறிய கார்களின் ஃபேன் சாதாரணமாக 8 முதல் 12 ஆம்பியர் வரை எடுக்கும். பேட்டரி 35 ஆம்பியர்-மணி என்றால், கணக்குப்படி ஏறக்குறைய மூன்று முதல் நாலரை மணி நேரம் தாங்கும். எஞ்சினைச் சுழற்றும் வலு அதற்கு முன்பே போய்விடும்.

அதே சமயம், சாவியை எடுத்த பின் ஃபேன் சுழல்வதெல்லாம் கோளாறு என்று எண்ணிவிடக் கூடாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறி நிறுத்தும் வண்டியில், ரேடியேட்டரின் சூட்டைத் தணிக்கச் சில நிமிடங்கள் ஃபேன் ஓடுவது பல கார்களில் வடிவமைப்பிலேயே உள்ள ஏற்பாடு. அரை மணி நேரம் கழித்தும் அது நிற்கவில்லை என்றாலோ, ஆறிக் கிடக்கும் எஞ்சினில் பேட்டரியை இணைத்த உடனே ஓடினாலோதான் சந்தேகப்பட வேண்டும். இன்னொரு வகைப் புகார், எஞ்சின் ஓடும்போது ஃபேன் ஓயாமல் சுற்றி, சாவியை எடுத்ததும் நின்றுவிடுவது. கூலன்ட் வெப்பநிலை சென்சர் பழுதானால், எஞ்சினைக் காக்கும் பொருட்டு இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) அவ்வாறு ஓடவிடும். அதுவும் சரிசெய்ய வேண்டியதே என்றாலும், இரவில் பேட்டரியைக் காலி செய்வது பெரும்பாலும் அதுவாக இருக்காது.

இரவுக் கோளாறில் நான் முதலில் பார்ப்பது ரிலேயை, அதாவது சிறு மின்னோட்டத்தால் ஏவப்பட்டு ஃபேனின் பெரிய மின்னோட்டத்தை இணைத்தும் துண்டித்தும் விடும் ஸ்விட்சை. ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது ரிலேயைப் பிடுங்கினால் அது நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ரிலேக்குப் பிந்தைய ஒயரில் எங்கோ ஷார்ட், அல்லது யாரோ பேட்டரியிலிருந்து நேரடியாக ஒயர் இழுத்திருக்கிறார்கள் என்று பொருள் (இரண்டாவதை நான் எண்ணிலடங்காத முறை பார்த்திருக்கிறேன்). நின்றுவிட்டால், ரிலே பொருந்தும் குழியில் 85, 86 ஆகிய (ரிலேயை ஏவும் காயிலுக்கான) முனைகளுக்கிடையே சாவி இல்லாத நிலையில் வோல்டேஜ் வருகிறதா என்று மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். வந்தால் ரிலேயை ஏவும் பக்கத்தில், அதாவது இசியூவிலோ அதன் ஒயரிலோ, பழைய வண்டிகளில் ரேடியேட்டரில் உள்ள வெப்ப ஸ்விட்சிலோ குறை. வராமலிருந்தும் ஃபேன் ஓடியது என்றால், ரிலேயின் உள்ளே, ஃபேனுக்கு மின்சாரம் போகும் 30, 87 முனைகளுக்கான பாயின்ட்கள் (தொடுமுனைகள்) ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கின்றன. பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்பை இசியூ ஒயர்களில் வைக்க வேண்டாம். அது இழுக்கும் மின்னோட்டமே புதிய செலவை வைத்துவிடலாம்.

அந்தக் காரில் பாயின்ட்தான் ஒட்டியிருந்தது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் ரிலேயைத் தட்டியதும் விடுபட்டு ஃபேன் நின்றது. பானெட்டை ஓங்கி மூடும் அதிர்வுக்கே சில நேரம் விட்டுக்கொடுத்துவிடும் என்பதால்தான், இந்தக் கோளாறு வாரத்தில் ஒரு நாள் வருவதும் மற்ற நாட்களில் ஒளிவதுமாக இருக்கிறது. புதிய ரிலேயைப் போட்டேன், பேட்டரியை 3.5 ஆம்பியரில் இரவு முழுவதும் சார்ஜ் செய்தபோது அது நல்ல நிலையில்தான் இருந்தது. வண்டியை அனுப்பிவிட்டேன்.

நான்கு மாதங்களில் அதே கார், அதே நிலையில் திரும்பி வந்தது.

ரிலே ஏன் ஒட்டியது என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. ஃபேன் மோட்டாரின் பேரிங் இறுகிப்போகும்போது மோட்டார் சுழலச் சிரமப்பட்டு அதிக மின்னோட்டத்தை இழுக்கிறது; புறப்படும் முதல் நொடியில் அது ஓட்ட மின்னோட்டத்தைப்போல் சில மடங்கு ஏறி, பாயின்ட்களை வெல்டிங் வைத்ததுபோல் ஒட்டவைக்கிறது. "அப்படியென்றால் ஃப்யூஸ் போயிருக்க வேண்டுமே" என்று கேட்பார்கள். ஒயர் எரியாமல் காப்பதுதான் ஃப்யூஸின் வேலை. நொடிப்பொழுது எழுச்சியை அது தாங்கிக்கொள்ளும், பாயின்ட் தாங்காது. இம்முறை கிளாம்ப் மீட்டரை (ஒயரை வெட்டாமல் கவ்விப் பிடித்து மின்னோட்டத்தை அளப்பது) ஃபேன் ஒயரில் மாட்டிப் பார்த்தேன்: 18 ஆம்பியர். பேட்டரியைக் கழற்றிவிட்டு இறக்கையைக் கையால் சுற்றினால் ஒரு சுற்றுகூட முழுதாகச் சுற்றாமல் நின்றது.

அளப்பது பற்றி ஒரு வார்த்தை. வீட்டு ஒயரிங் வேலைக்கு வாங்கும் பல கிளாம்ப் மீட்டர்கள் ஏசி மின்னோட்டத்தை மட்டுமே காட்டும். டிசி அளக்கும் மீட்டர்தான் காருக்கு ஆகும். மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் முனை வழியாக ஃபேனை ஓடவிட்டால் முதலில் போவது மீட்டரின் ஃப்யூஸ். ஃபேனை நிறுத்திய பின் எஞ்சிய கசிவை, அதாவது நிற்கும் வண்டி பேட்டரியிலிருந்து எடுக்கும் மின்னோட்டத்தை, அளக்கும்போது, வண்டியைப் பூட்டி, உள்ளிருக்கும் கணினிகள் உறக்க நிலைக்குப் போக அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதன் பிறகு பெரும்பாலான கார்களில் 50 மில்லி ஆம்பியருக்குள் வந்தால் கவலையில்லை.

"சரிசெய்யும் வரை ஃபேன் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஓட்டட்டுமா" என்று கேட்காதவர் குறைவு. இரவில் நிறுத்தும்போது கழற்றலாம், காலையில் மறக்காமல் மாட்டுவதாக இருந்தால். கழற்றியபடியே நகரத்தில் ஓட்டினால், ஏ.சி. போட்டு நாலு சிக்னலில் நிற்பதற்குள் சூட்டு முள் ஏறிவிடும். ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு) போனால், ஆகும் செலவுக்குப் பல பேட்டரிகள் வாங்கலாம். கழற்றும்போதும் விரலை இறக்கையின் அருகே கொண்டுபோக வேண்டாம், சாவி கையில் இருந்தாலும் அது எப்போது கிளம்பும் என்று சொல்ல முடியாது.

மோட்டாரோடு ரிலேயையும் மாற்றிய பின் அந்தக் காரின் ஃபேன் 9 ஆம்பியரில் ஓடியது. பூட்டி வைத்து அளந்தபோது கசிவு 25 மில்லி ஆம்பியர். ஆனால் இரண்டாம் முறையும் அடியோடு இறங்கிவிட்ட பேட்டரி இந்தத் தடவை சார்ஜ் பிடிக்கவில்லை. ரிலேயோடு வேலையை நிறுத்திக்கொண்டது நான் என்பதால், புதியதன் விலையை அவருடைய பில்லில் சேர்க்கவில்லை.