கடிகார வேகமா, துடிப்பு வீதமா?

"மதர்போர்டில் நினைவகத்தை நிறுவிய பின் கடிகாரத்தை அமைக்கவும்." இந்த மாதிரி வாக்கியத்தை இன்னும் எத்தனை கணினிக் குறிப்புகளில் படிக்க வேண்டுமோ தெரியவில்லை. இதை நம்பி, கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸ் திரைக்குள் போகிறவர் தேதியையும் மணியையும் சரிபார்த்துவிட்டு வெளியே வருவார். அவரைக் குறை சொல்ல முடியாது. மதர்போர்டில் நிஜமாகவே ஒரு கடிகாரம் இருக்கிறது. கணினியை அணைத்த பிறகும் நாணயம் போன்ற சிறிய பேட்டரியின் தயவில் அது நேரத்தைக் காத்துவருகிறது. அந்த வாக்கியம் சொல்ல வந்ததோ ராம் என்ற நினைவகத்தின் க்ளாக்கை. அது வேறு.

க்ளாக் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர், மணியைக் குறித்த இடைக்கால இலத்தீன் 'க்ளாக்கா'. நம் கடிகாரத்தின் வேர், நாழிகையைக் குறிக்கும் கடிகை. வேர்க்கதை இவ்வளவு போதும். மின்னணுவியலில் க்ளாக் நேரம் காட்டுவதில்லை. உறுப்புகள் எல்லாம் ஒரே தாளத்தில் இயங்கும்படி மின்னழுத்தத்தைச் சீராக ஏற்றி இறக்குகிறது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் 14.318 மெகாஹெர்ட்ஸ் படிக அதிர்வை மூன்றால் வகுத்து, 4.77 மெகாஹெர்ட்ஸாகச் செயலிக்குக் கொடுத்தார்கள். இந்த ஏற்ற இறக்கம்தான் துடிப்பு. நொடிக்கு எத்தனை என்பது துடிப்பு வீதம். தமிழ்நாட்டுப் பாடநூலின் அதிர்வெண்ணும் இலங்கைப் பாடநூலின் மீடிறனும் இதற்குப் பொருந்தும். எதை எழுதினாலும் எனக்குச் சம்மதமே.

'க்ளாக் ஸ்பீட்' என்பதற்குக் 'கடிகார வேகம்' மட்டும் வேண்டாம். வேகமாக ஓடும் கடிகாரத்தைப் பழுது என்று கடையில் கொடுப்போம். இங்கோ வேகம் கூடினால் விலையும் கூடுகிறது! வழக்கில் வந்துவிட்டதே என்பார்கள். யாருடைய வழக்கில்? ராம் விற்கிறவரும் வாங்குகிறவரும் 'க்ளாக் ஸ்பீட்' என்றுதான் பேசுகிறார்கள். கடிகார வேகம் மொழிபெயர்ப்பாளரின் மேசையைத் தாண்டி வாழ்ந்ததே இல்லை. அதைவிட க்ளாக் என்றே எழுதிவிடலாம். தமிழ் ஒன்றும் குறைந்துவிடாது. குறித்த அளவுக்கு மேல் துடிப்பைக் கூட்டும் 'ஓவர்க்ளாக்கிங்' வரும்போது இந்த மொழிபெயர்ப்பாளர்கள் 'மிகைக்கடிகாரம்' என்பார்களோ? துடிப்பேற்றம் என்றால் என்ன கேடு?

சரியான சொல் இருந்தால் விளக்கமும் எளிது. டிடிஆர்4 என்ற வகை ராம் ஒன்றின் ஒட்டுச்சீட்டில் 3200 என்றிருக்கும். அதன் துடிப்பு வீதம் 1600 மெகாஹெர்ட்ஸ்தான். ஒவ்வொரு துடிப்பின் ஏற்றத்தில் ஒரு முறை, இறக்கத்தில் ஒரு முறை தரவு கடப்பதால் 3200. இத்தகைய ராம்களில் பல, புதிதாகப் பொருத்தியதும் 2133, 2666 போன்ற குறைந்த அளவிலேயே ஓடும். தயாரிப்பாளர் ராமிலேயே பதித்துவைத்த எக்ஸ்எம்பி என்ற அமைப்பைப் பயாஸில் இயக்கினால்தான் அவை ஒட்டுச்சீட்டில் போட்ட அளவுக்கு எழும். 'கடிகார வேகம் 3200' என்று எழுதுகிறவர் சொல்லிலும் தப்பு, கணக்கிலும் தப்பு.

முதலில் காட்டிய வாக்கியத்தின் 'நிறுவிய'வும் உறுத்துகிறது. மென்பொருளை நிறுவலாம், சிலையை நிறுவலாம். ராமைப் பொருத்த வேண்டும்: அதன் வெட்டுப்பள்ளம் மதர்போர்டுக் காடியின் மேட்டோடு சேர்கிறதா என்று பார்த்து, இரு முனைகளையும் ஒருசேர அழுத்தினால் கொக்கி 'டக்'கென்று பிடிக்கும். ஒரு முறையாவது கணினிப் பெட்டியைத் திறந்து பார்த்தவர் கை, இதற்கு 'நிறுவவும்' என்று எழுதாது.